நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அன்புள்ள வாலுவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அத்தையும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன், அந்த நம்பிக்கை பொய் என்றால் இப்போதே எழுந்து போய் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படி. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைப்பாய். நாம் போனில் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாததா? சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டேன்பா, நீங்க, ஆச்சு, சரி அத்தைகிட்ட குடுங்க. எட்டு வருஷமாக இதேதான். இதை வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். நீ வரைந்த புத்தகம் அத்தையின் போனுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, அம்மாவின் கதையைப் போட்டிருக்கேன்பா, படிச்சிட்டு பதிப்பகத்துக்குக் கொடுக்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க என்று கேட்டிருந்தாய், நான் வாயே திறக்கவில்லை, கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஒப்புக்கொண்டால் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போக வேண்டி வரும். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. ஆஸ்பத்திரியில் எங்கள் எக்ஸ்ரே அறைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, பழையதில் பாதி நேரத்தில் படம் வந்துவிடுகிறது, வாசலில் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். அதுக்கப்புறம் என்னடா பண்ணப் போறே என்று அத்தை நச்சரிக்கிறாள், குழாயைச் சரிபண்ணப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் புத்தகத்தை அத்தையின் போனில் பார்க்க என் கண்ணுக்கு வலுவில்லை, ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடுத்து பைண்டு போட்டு வாங்கினேன். நூற்றறுபது பக்கம். சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன், இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா கண்ணைக் கெடுத்துக்கிட்டு வரைஞ்சிருக்கா, நீ ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டியா என்று பிடி பிடியென்று பிடித்தாள். நான் செய்தது என்ன தெரியுமா, எழுத்தை மட்டும் படித்திருக்கிறேன். கட்டத்துக்குள் பேச்சு எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணை வைத்தேன், படித்தேன், அடுத்த கட்டத்துக்குத் தாவினேன். முப்பத்திரண்டு வருஷமாகப் படம் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் படத்தைப் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறேன், இதை எங்கே போய்ச் சொல்வது. அத்தையோ ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள், கட்டம் கட்டமாகப் பார்த்தாள், உன் அம்மா கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு வீடு முழுக்கப் பேனாவைத் தேடுகிற பக்கத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, கடைசியில் அது எந்த நீர் என்று எனக்குத் தெரியவில்லை. தன் மூக்கை மட்டும் நீ வேண்டுமென்றே பெரிதாகப் போட்டிருக்கிறாய் என்று அவளுக்கு மனத்தாங்கல்.

சரி, இவளுக்கு முன்னால் அசடு வழிய முடியாது என்று, உன் அலமாரியில் நீ விட்டுப்போன படக்கதைப் புத்தகங்களை எடுத்தேன். கிராஃபிக் நாவல்னு சொல்லுங்கப்பா என்று நீ அப்போதெல்லாம் திருத்துவாய், எனக்குப் படக்கதைதான் வாயில் வருகிறது, மன்னித்துக்கொள். முதலில் எடுத்தது ரொட்டிக்கடை வைத்திருக்கிற அண்ணன் தம்பி கதை. அந்த அண்ணனை எனக்குக் கண்டாலே ஆகவில்லை. தம்பி கேட்டது ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லாமல் முன்னூறு பக்கம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மாவு பிசைகிறான். பாதியில் மூடி வைத்துவிட்டேன். அத்தை எடுத்துப் படித்துவிட்டு, அவன் பிசையற மாவை நல்லாப் பாத்தியா, தம்பிக்குப் பிடிச்ச ரொட்டியைத்தான் தினமும் போடறான், கடையில வேற யாரும் அதை வாங்கறதே இல்லை என்றாள். நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டை, சொல்லாதது தப்பு என்று நானும், சொல்லத் தெரியாதவன் என்னடா பண்ணுவான் என்று அவளும். அவள் யாரை மனதில் வைத்துக்கொண்டு பேசினாள் என்பது மூன்றாம் நாள்தான் என் மண்டையில் ஏறியது.

இரண்டாவது புத்தகம் ஆஸ்பத்திரிக் கதை, அதில் மார்பு எக்ஸ்ரே ஒன்றை ஒரு முழுப் பக்கத்துக்கு வரைந்திருக்கிறார்கள், இதயம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. படத்தைத் திருப்பி மாட்டிப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். எனக்கு அதற்கு மேல் கதையே ஓடவில்லை, அந்த மனிதர் பிழைத்தாரா செத்தாரா என்று கூடத் தெரியாது, ஓரத்தில் பென்சிலால் இதயம் இந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டுவிட்டேன், உன் புத்தகம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, திட்டாதே. உடனே உன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதில் வருகிற எக்ஸ்ரேயில் இதயம் சரியான பக்கத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை என்று அன்றைக்கே போன் செய்து சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. மலை உச்சியில் தனியாக இருந்து மழையும் காற்றும் அளக்கிற ஒரு அம்மாள், புத்தகம் முழுக்க ஒரு எழுத்து கிடையாது. எழுத்தே இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஆள் எதைப் பிடித்துக்கொண்டு போவது? திருதிருவென்று விழித்தேன். பிறகு, வேலையில் செய்வதைச் செய்து பார்ப்போம் என்று தோன்றியது. நாங்கள் ஒரு படம் வந்ததும் நடுவில் பார்க்க மாட்டோம், நடுவில் இருப்பது எல்லோர் கண்ணிலும் படும், அதனால் ஓரத்திலிருந்து ஆரம்பித்துத் தோள், விலா, அடிப்பக்கம் என்று சுற்றிவந்து கடைசியில்தான் நடுவுக்கு வருவோம். அந்தப் புத்தகத்தையும் அப்படியே பார்த்தேன். ஓரத்தில், அலமாரியில், இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு. பாதிப் புத்தகத்துக்கு மேல் ஒரு கட்டத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்த அம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எப்போதும் போல் மழையளக்கப் போகிறாள். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், சொல்வதில் எனக்கென்ன வெட்கம். நம் வீட்டில் உன் அம்மாவின் டம்ளர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, நானும் எடுக்கவில்லை, அத்தையும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் உன் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பதினோரு நாள் ஆயிற்று. ஓரத்திலிருந்து பார்த்தேன், உன் ஹாஸ்டல் ஜன்னல், அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூட ஆபீஸ் மேஜை, நம் மாடிப்படியில் உடைந்த நாலாவது படி, எதையும் விடவில்லை நீ. அறுபத்து மூன்று கட்டங்களில் நான் வருகிறேன். ஒன்றில்கூட எனக்கு முகம் இல்லை. எல்லாவற்றிலும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு போகிறேன், தீவிர சிகிச்சைப் பிரிவு வராந்தாவில் நீ, அம்மாவுக்கு இப்படின்னு எப்பத்துலேருந்து உங்களுக்குத் தெரியும் என்று கேட்கிறாய், எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கே என்று என் முதுகு பதில் சொல்கிறது. அன்றைக்கு நான் அப்படித்தான் நின்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாள் எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முதுகையே பாத்துக்கிட்டு இருக்கியே, அதை எப்படி வரைஞ்சிருக்கான்னு பாருடா என்றாள். பார்த்தேன். சட்டைக் காலர் தேய்ந்து நூல் பிரிந்திருப்பது, கழுத்துக்குப் பின்னால் நாவிதர் எப்போதும் கோணலாக வெட்டிவிடுகிற முடி, ஒரு தோள் இறங்கியிருப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நூலாகப் போட்டிருக்கிறாய். பிடிக்காத மனுஷனின் காலரை யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்து வரைய மாட்டார்கள். அன்று மத்தியானம் எனக்கு இறங்காத சாப்பாடு ராத்திரி இறங்கியது.

இனி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின பக்கத்தில் நான் அம்மாவை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன், கதவு சாத்திக்கொள்கிறது, அடுத்த பக்கம் முழுக்க ஒரே பெரிய கட்டம், உள்ளே ஒன்றும் இல்லை, வெள்ளை. எங்கள் தொழிலில் வெள்ளையாக வந்தால் கதிர் விழவில்லை என்று அர்த்தம், மறுபடி எடுக்க வேண்டும். நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஒரு பக்கம் விழவே இல்லை, மறுபடி எடுங்க என்றேன். எடுத்துக் கொடுத்தார், அதுவும் வெள்ளை. மெஷினைச் சரிபாருங்க, மை இருக்கான்னு பாருங்க, முப்பது வருஷமா மெஷினோட குடும்பம் நடத்தறவன்கிட்டயே கதை விடாதீங்க என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பாவம், கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அனுப்பினதே காலியாத்தான் சார் இருக்கு, கடைசிப் பக்கத்துல உங்க பொண்ணு உங்களுக்கு எழுதியிருக்காங்களே, பாக்கலையா என்றார். கடைசிப் பக்கத்தில் முகவரியும் நன்றியும்தான் இருக்கும் என்று நான் புரட்டவே இல்லை. அங்கேயே, கடையில் நின்றுகொண்டே படித்தேன். அப்பா, 112ஆம் பக்கம் உங்களுக்காக. அந்த அறைக்குள்ள அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் வரைய மாட்டேன். சொல்லணும்னு தோணினா சொல்லுங்க, இல்லேன்னா காலியாவே போகட்டும். அந்தக் கடைக்காரர் பிரிண்ட் எடுக்கும்போது முழுக்கப் படித்திருக்கிறார் போலிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு என்ன சார் சொல்லப் போறீங்க என்று கேட்டார். ஊர் பேர் தெரியாத மனிதர் கேட்கிறார். அவரிடம் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். உனக்குச் சொல்வதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

இப்போது சொல்கிறேன். அம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல், உனக்குத் தெரியும். வரிசையில் நிற்க வேண்டாமே என்று நான்தான் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிக்கொண்டு போனேன், பெண்களுக்கு எடுக்கிற டெக்னீஷியன் அம்மா அன்று லீவு. அவளைப் பலகையோடு மார்பை ஒட்டி நிற்கச் சொன்னேன், கை இடுப்பில், தோள் முன்னால். கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று, மூச்சை நல்லா இழுத்துப் பிடி என்றேன். பொத்தானிலிருந்து கையை எடுத்த கையோடு, விடலாம் என்று சொல்வது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி, ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்வேன். அன்று சொல்லவில்லை. என் கண் திரைக்குப் போய்விட்டது. வலப்பக்கம் நுரையீரல் பாதி தெரியவில்லை, நீர் கோத்திருந்தது, அதற்கு மேலே உருண்டையாக ஒன்று. படம் எடுப்பவன் வாய் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம், யாருக்கும் முகத்தில்கூடக் காட்டாமல்தான் அத்தனை வருஷம் ஓட்டினேன். உன் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடைசியில் இருமல் வந்துதான் விட்டாள். இருமி முடித்துவிட்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நீங்க விடலாம்னு சொல்லவே இல்லைங்க என்றாள். அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்காமலே சொல்லிவிட்டேன். உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் அழவில்லை. உனக்குக் கடைசி வருஷப் பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அவளுக்கு இப்பச் சொல்ல வேண்டாம், பரீட்சை முடிஞ்சு வரட்டும், நானே சொல்லிக்கறேன், நீங்க உளறிடாதீங்க என்றாள். நான் சரி என்றேன். அவள் சொன்னதற்காக மட்டும் சரி என்றதாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது, வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பழக்கம், வசதியும்கூட. அது என் தப்பு, அவளுடையது இல்லை.

ஆபரேஷனுக்கு உன் பரீட்சைக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள். நாள் இருக்கிறது என்று நினைத்தோம். கடைசிப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் விடிகாலையில் அவளுக்கு மூச்சுத் திணறியது, உனக்குப் போன் செய்தேன், நீ வந்து சேர்ந்தபோது வாயில் குழாய், அதற்கப்புறம் அவள் கண் திறக்கவில்லை. நீ வராந்தாவில் என்னைக் கேட்டபோது, அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே அப்படிக் கிடக்கும்போது அவள் மேல் நீ கோபப்பட்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. என் மேல் கோபப்படட்டும், நான் உயிரோடு இருக்கிறேன், தாங்கிக்கொள்வேன் என்று திரும்பிக்கொண்டேன். தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், எட்டு வருஷம் ஆகும் என்று நினைக்கவில்லை.

நீ வரைந்திருக்கிற கடைசிப் பக்கத்தில், அம்மா என்னிடம் எதுவும் சொல்லாமலே போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அது சரியில்லை, வாலு. அவள் உன்னிடம் சொல்லத்தான் தினம் தினம் ஒத்திகை பார்த்தாள். சாயங்காலம் துணி மடிக்கும்போது என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, நீங்கதான் அவ, ஹாஸ்டல்லேருந்து வந்து பையைக் கீழ வச்சிருக்கீங்க, இப்ப நான் சொல்றேன் என்பாள். முதல் தடவை அவள் வாயைத் திறந்ததுமே நான் அழுதுவிட்டேன். அவ இப்படி அழமாட்டா, எத்தனை நாளா இருக்கு, எந்த டாக்டர்னு கேள்வி கேப்பா, நீங்க அவளை மாதிரி இருங்க என்று என்னைத் திட்டினாள். ஐந்தாறு நாள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் இதுதான் சரி என்று முடிவு செய்தாள். எனக்கு அது மனப்பாடம். இத்தனை நாள் உன்னுடையதை நான் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இதுதான்:

"உக்காரு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பெரிய வியாதி. லேட்டாத்தான் சொல்றேன், அது என் முடிவு, அப்பாவைத் திட்டாத. அழறதா இருந்தா அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து அழலாம். இப்ப வந்து என் பக்கத்துல படுத்துக்கோ. என்கிட்ட என்ன கேக்கணும்னு தோணுதோ எல்லாத்தையும் கேளு, சின்ன வயசுல கேப்பியே, அந்த மாதிரி. தெரியாததுக்குத் தெரியலைன்னு சொல்றேன்."

அப்பாவைத் திட்டாத என்ற வரியை எழுதலாமா வேண்டாமா என்று நாள் கணக்காக யோசித்தேன், எனக்கு நானே சிபாரிசு செய்துகொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட எடுக்க எனக்கு உரிமை கிடையாது. அத்தைக்குக்கூட இதை நேற்றுதான் சொன்னேன். அவள் எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள், முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புத்தகத்தைப் பதிப்பகத்துக்குக் கொடு, என் பூரண சம்மதம். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய், இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவர்களுக்குப் பதில் போட்டுவிடு, நாளைக்கு என்று தள்ளாதே. முன்னால் இருக்கிற பக்கங்களில் ஒன்றையும் மாற்ற வேண்டாம், முதுகு முதுகாகவே இருக்கட்டும், நான் அப்படித்தான் இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வந்து வரை, குனிந்தே வேலை செய்கிறவர்களின் கழுத்தெலும்பை நான் தினமும் பார்க்கிறேன், உன் கழுத்தை அப்படி ஒரு படத்தில் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மா இருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாளோ அதையும் சேர்த்து நானே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற எனக்கு முகம் வேண்டும். பழைய போட்டோவைப் பார்த்து வரையாதே, அதில் எதிலும் அந்த முகம் இல்லை. லீவு போட்டுவிட்டு வா. வந்து எனக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள், அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீ என்னைப் பார்த்துக்கொண்டே வரை. நான் திரும்பிக்கொள்ள மாட்டேன்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா